காங்க் குடியரசு: ஒரு நிமிடப் போரில் பிறந்த நாடு – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஃபுளோரிடாவின் கீ வெஸ்ட் தீவில் விமானம் விட்டு இறங்குகிறவர்களை "காங்க் குடியரசுக்கு நல்வரவு" என்ற பலகை வரவேற்கும். அமெரிக்காவுக்கு டிக்கெட் எடுத்தோம், வேறு நாட்டுக்கு வந்துவிட்டோமா என்று குழம்புகிறவர்களுக்காகவும், வீட்டிலிருந்தபடியே வேடிக்கை பார்க்க விரும்புகிறவர்களுக்காகவும் இந்தக் கேள்வி பதில்.

காங்க் குடியரசு என்பது உண்மையான நாடா?

இல்லை. எந்த நாடும் அதை அங்கீகரிக்கவில்லை. தீவின் மக்களும் அங்கீகாரம் கேட்டு ஏங்கவில்லை. கீ வெஸ்ட் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் மன்றோ கவுன்டி என்ற மாவட்டத்தின் தலைநகரம். மக்கள்தொகை சுமார் 26,000. அங்கிருந்து கியூபா ஏறக்குறைய 90 மைல்தான். அந்த நகரமும் அதை ஒட்டிய ஃபுளோரிடா கீஸ் தீவுகளும் சேர்ந்து விளையாட்டாகத் தங்களைக் குடியரசு என்று சொல்லிக்கொள்கின்றன. இப்படிப்பட்டவற்றைக் குட்டி நாடுகள் என்கிறார்கள்.

காங்க் என்பது அந்தக் கடலில் வாழும் பெரிய சங்கு. பஹாமாஸிலிருந்து வந்து குடியேறியவர்களுக்கு முதலில் அது பட்டப்பெயராக இருந்தது. பிறகு கீ வெஸ்ட்டில் பிறந்த எல்லாருக்கும் ஒட்டிக்கொண்டது.

ஏன் பிரிந்தார்கள்? என்னதான் கோபம்?

கோபம் உண்மையானது. இந்தக் கதையில் பலரும் விட்டுவிடுகிற பகுதியும் இதுதான்.

1980இல் கியூபாவின் மாரியேல் துறைமுகத்திலிருந்து சுமார் 1,25,000 கியூபர்கள் படகுகளில் ஃபுளோரிடா வந்து சேர்ந்தார்கள். போதைப்பொருள் கடத்தலும் அந்தக் கடற்கரையில் கொடிகட்டிப் பறந்த காலம் அது. இந்தச் சூழலில் 1982 ஏப்ரல் 18ஆம் தேதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை, அமெரிக்க எல்லைக் காவல் படை யூ.எஸ். 1 நெடுஞ்சாலையில் ஒரு சோதனைச் சாவடியைப் போட்டது. போட்ட இடத்தைக் கவனிக்க வேண்டும். கீஸ் தீவுகளிலிருந்து பெருநிலத்துக்குள் நுழைகிற ஃபுளோரிடா சிட்டி பக்கம் அது. தீவிலிருந்து திரும்புகிற ஒவ்வொரு வண்டியையும் நிறுத்தி, சட்டவிரோதமாக யாராவது ஒளிந்திருக்கிறார்களா, போதைப்பொருள் இருக்கிறதா என்று சோதித்தார்கள். தான் அமெரிக்கக் குடிமகன்தான் என்று காட்டிவிட்டுத்தான் ஒருவர் சொந்த நாட்டுக்குள் போக முடிந்தது.

வார இறுதிக்கு வந்தவர்கள் வீடு திரும்பும் நேரம். வண்டிகள் 17 மைல் தூரத்துக்கு வரிசை கட்டி நின்றதாகச் செய்திகள் சொல்லின. கீஸ் தீவுகளுக்கு மாற்றுச் சாலை என்று பெரிதாக ஒன்றுமில்லை. 113 மைல் நீளமும் 42 பாலங்களும் கொண்ட ஒரே கடல்வழிச் சாலைதான் அந்த ஊர்களின் உயிர்நாடி. கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல் தளம் 1974இல் மூடப்பட்ட பிறகு கீ வெஸ்ட் பிழைப்புக்குச் சுற்றுலாவைத்தான் நம்பியிருந்தது. சாலை அடைபட்டதும் விடுதி முன்பதிவுகள் ரத்தாகின.

மேயர் டென்னிஸ் வார்ட்லோ சில நண்பர்களோடு மயாமியில் உள்ள கூட்டரசு (அமெரிக்க மத்திய அரசு) நீதிமன்றத்துக்குப் போய்த் தடையாணை கேட்டார். கிடைக்கவில்லை. வெளியே நிருபர்கள் காத்திருந்தார்கள். எங்களை அந்நிய நாட்டவர் போல நடத்துகிறீர்கள், சரி, அந்நிய நாடாகவே ஆகிவிடுகிறோம் என்ற தர்க்கத்தில், நாளை மதியம் பிரிகிறோம் என்று மேயர் அறிவித்தார்.

போர்ப் பிரகடனமும் செய்தார்களாமே?

ஆம். ஒரு நிமிடம் நீடித்த போர் அது. 1982 ஏப்ரல் 23 நண்பகலில் மேலரி சதுக்கத்தில் பிரிவினை அறிக்கையை வாசித்தார்கள். வார்ட்லோ அந்த நொடியிலேயே மேயரிலிருந்து பிரதமரானார். அடுத்து அமெரிக்காவின் மீது போர் தொடுத்தார்கள். ஆயுதம், காய்ந்துபோன கியூப ரொட்டி. கடற்படைச் சீருடையில் இருந்த ஒருவரின் தலையில் அதை ஓங்கி உடைத்தார்கள். ஒரு நிமிடம் கழித்து அதே மனிதரிடம் சரணடைந்து, போரில் தோற்ற நாடு என்ற முறையில் மறுசீரமைப்புக்கு 100 கோடி டாலர் வெளிநாட்டு உதவி கேட்டார்கள்.

அந்தப் பணம் இதுவரை வரவில்லை.

ரொட்டியை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்?

கியூப ரொட்டி மேலே மொறுமொறுப்பும் உள்ளே மென்மையுமாக, நீளமாக இருக்கும். சுட்ட அன்றே சாப்பிட்டுவிட வேண்டும். மறுநாள் கட்டைதான். 19ஆம் நூற்றாண்டில் சுருட்டுத் தொழிலோடு வந்த கியூபர்களால் அந்த ஊருக்குப் பழக்கமான பண்டம் அது. யாருக்கும் காயம் படாது, படத்தில் நன்றாக விழும், ஊரின் வாசனையும் இருக்கும். அன்று கேமராக்கள் திரண்டு நிற்கும் என்று அறிந்தவர்கள் செய்த தேர்வு என்றுதான் நான் நினைக்கிறேன்.

தேசத்துரோக வழக்கு போடவில்லையா?

இல்லை. போட்டிருந்தால் அரசுதான் கேலிக்கு ஆளாகியிருக்கும். "பிரிந்தவர்கள்" யாரும் அமெரிக்கக் குடியுரிமையைக் கைவிடவில்லை, வரி கட்டுவதை நிறுத்தவில்லை, தேர்தலில் வாக்களிப்பதையும் விடவில்லை. காங்க் குடியரசின் குடிமக்கள் எல்லாரும் இரட்டைக் குடியுரிமைக்காரர்கள் என்று அவர்களே சிரித்துக்கொண்டு சொல்வார்கள்.

"மற்றவர்கள் தோற்ற இடத்தில் நாங்கள் பிரிந்து காட்டினோம்" என்ற குடியரசின் முழக்கத்துக்கு என்ன பொருள்?

1861இல் ஃபுளோரிடா உள்ளிட்ட தென் மாநிலங்கள் அமெரிக்காவிலிருந்து பிரிந்து, நான்காண்டு உள்நாட்டுப் போருக்குப் பிறகு தோற்றன. அதைத்தான் குத்திக்காட்டுகிறார்கள். வேடிக்கை என்னவென்றால், மாநிலம் பிரிந்த அந்த நாட்களில் கீ வெஸ்ட் பிரியவே இல்லை. அங்கிருந்த கோட்டையைக் கூட்டரசுப் படை கைவிடவில்லை. போர் முடியும்வரை தீவு வடக்கின் கையில்தான் இருந்தது. ஆக, எல்லாரும் பிரிந்தபோது சேர்ந்தே இருந்துவிட்டு, 121 வருடம் கழித்துத் தனியாகப் பிரிந்த ஊர் இது.

குடியரசின் நீலக் கொடியில் சூரியன், சங்கு, நட்சத்திரங்களோடு 1828 என்ற ஆண்டும் இருக்கும். கீ வெஸ்ட் நகரமாகப் பதிவான ஆண்டு அது.

சோதனைச் சாவடி என்ன ஆனது?

எடுத்துவிட்டார்கள். நீதிமன்றத்தில் கிடைக்காதது ஊடகத்தில் கிடைத்தது. நாடு முழுக்க இந்தச் செய்தி பரவியதும் அப்படி ஒரு சாவடியைத் தொடர்ந்து வைத்திருப்பது அரசுக்குத்தான் சங்கடமாகிப்போனது.

ஒரு நாள் கூத்தோடு முடிந்திருக்க வேண்டியது எப்படி இத்தனை வருடம் நீடிக்கிறது?

அவ்வப்போது அரசாங்கமே வந்து உயிர் கொடுத்ததால்தான்.

1995 செப்டம்பரில் அமெரிக்க ராணுவத்தின் 478ஆம் சிவில் விவகாரப் படைப்பிரிவு, ஓர் அந்நியத் தீவை ஆக்கிரமிப்பது போல கீ வெஸ்ட்டில் பயிற்சி நடத்தத் திட்டமிட்டது. தீவு மக்களை வெளிநாட்டவராகப் பாவித்துப் பழக வேண்டும் என்பது பயிற்சியின் ஒரு பகுதி. நகர நிர்வாகத்திடம் மட்டும் யாரும் சொல்லவில்லை. இதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்குமா? குடியரசு முழுப் போருக்கு அணிதிரண்டது. தீயணைப்புப் படகுகள் தண்ணீரைப் பீய்ச்சின, காய்ந்த ரொட்டி மறுபடி களமிறங்கியது, பாதுகாப்புத் துறைக்குக் கண்டனம் போனது. மறுநாளே படைப்பிரிவு மன்னிப்புக் கேட்டது. காங்க் குடியரசின் இறையாண்மைக்குச் சவால் விடுவது தங்கள் நோக்கமில்லை என்று நிஜ ராணுவம் சொன்னதோடு, செப்டம்பர் 22 அன்று சரணடையும் சடங்கிலும் கலந்துகொண்டது. ராணுவத்தில் அன்று நகைச்சுவை உணர்வுள்ள ஓர் அதிகாரி இருந்திருக்க வேண்டும்.

அதே வருடக் கடைசியில் அமெரிக்க அரசின் செலவு மசோதா முடங்கி, தேசியப் பூங்காக்கள் எல்லாம் பூட்டப்பட்டன. கீ வெஸ்ட்டுக்கு மேற்கே சுமார் 70 மைல் தொலைவில் கடல் நடுவே ட்ரை டோர்டுகாஸ் பூங்கா இருக்கிறது. ஜெஃபர்சன் கோட்டை என்னும் பிரம்மாண்டமான செங்கல் கோட்டை அங்கேதான். அதைக் காட்டிப் பிழைக்கிற படகுக்காரர்களுக்கு வருமானம் போயிற்று. பூங்காவைத் திறந்து வைக்க ஊரார் நிதி திரட்டினார்கள். அந்தப் பணத்தை வாங்கிக்கொள்ள அரசில் ஆளே கிடைக்கவில்லை. பிறகென்ன, குடியரசின் "கடற்படை" படகுகளைத் திரட்டிக்கொண்டு கோட்டையை மீட்கப் போனது. உள்ளே நுழைய முயன்றவர்களுக்கு அபராதச் சீட்டு கிடைத்தது. குடியரசின் பொதுச்செயலர் என்று தன்னை அழைத்துக்கொண்ட பீட்டர் ஆண்டர்சன் மீது வந்த வழக்கு சீக்கிரமே கைவிடப்பட்டது.

2006 ஜனவரியில் நடந்ததில் சிரிப்பு குறைவு. கியூப அகதிகள் சிலர், கீஸ் தீவுகளை இணைத்த பழைய ஏழு மைல் பாலத்தின் கைவிடப்பட்ட துண்டு ஒன்றில் ஏறினார்கள். அமெரிக்க மண்ணில் கால் வைத்தால் தங்கலாம், கடலிலேயே பிடிபட்டால் திருப்பி அனுப்பப்படுவார்கள் என்பது அப்போதைய விதி. அந்தத் துண்டு நிலத்தோடு இணைந்திருக்கவில்லை, ஆகவே அது அமெரிக்க மண் அல்ல என்று சொல்லி அவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். உங்களுடையது இல்லையென்றால் எங்களுக்கு வேண்டும் என்று காங்க் குடியரசு அந்தப் பாலத்துண்டை இணைத்துக்கொண்டு கொடி நாட்டியது. எனக்குப் பிடித்த காங்க் நடவடிக்கை இதுதான். பக்கம் பக்கமாகத் தலையங்கம் எழுதிச் சொல்ல வேண்டியதை ஒரு கொடியால் சொல்லிவிட்டார்கள்.

சுற்றுலாவுக்கு இதனால் நிஜமாகவே என்ன பயன்?

எத்தனை பேர் குடியரசைப் பார்ப்பதற்காகவே வருகிறார்கள் என்று பிரித்தெடுப்பது கடினம். பெரும்பாலானவர்கள் கடலுக்கும், மேலரி சதுக்கத்தின் சூரிய அஸ்தமனத்துக்கும், எர்னெஸ்ட் ஹெமிங்வே வாழ்ந்த வீட்டுக்கும், டூவல் தெருவின் மதுக்கூடங்களுக்கும்தான் வருகிறார்கள். வெயிலும் கடலும் கரீபியப் பக்கம் எங்கும் கிடைக்கும். ஊர் திரும்பியதும் சொல்வதற்கு ஒரு கதை வேண்டாமா? அதைக் கொடுப்பது குடியரசு.

கொடி, சட்டை, கோப்பை, பாஸ்போர்ட் என்று கடைகளில் விற்பது இதன் கண்ணுக்குத் தெரிகிற வியாபாரம். கண்ணுக்குத் தெரியாத பயன் அதைவிடப் பெரியது. ஒவ்வொரு ஏப்ரலிலும் எந்தப் பத்திரிகையாவது இந்தக் கதையை மறுபடி எழுதுகிறது. விளம்பரச் செலவே இல்லாமல் ஊரின் பெயர் அடிபடுகிறது. பாதிப் பயணிகள் வழிகாட்டியிடம் கேட்கிற முதல் கேள்வியே "ரொட்டியால் அடித்தது நிஜமா?" என்பதாக இருந்தால் வியப்பில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சுற்றுலாவை வளர்க்க ஆலோசகர்கள் உட்கார்ந்து யோசித்த திட்டமில்லை இது. சுற்றுலாவின் கழுத்தை நெரித்த ஒரு சாவடிக்கு எதிராக மூண்ட ஆத்திரம். அந்த ஆத்திரம் நிஜம் என்பதால்தான் அதன்மேல் கட்டிய கேலியும் நிற்கிறது. இதன் வெற்றியைப் பார்த்து, மனக்குறை எதுவுமில்லாமல் வெறும் கொடியும் முத்திரையும் அச்சடிக்கிற ஊர்கள் உப்பில்லாப் பண்டம் போலத்தான்.

சுதந்திர விழா எப்போது? என்ன நடக்கும்?

ஏப்ரல் 23ஐ ஒட்டிச் சுமார் பத்து நாள். உச்சம் கடற்போர். பாய்மரக் கப்பல்களும் படகுகளும் துறைமுகத்துக்கு வெளியே எதிரெதிராக நின்று தண்ணீரைப் பீய்ச்சிக்கொள்ளும், ரொட்டியும் பறக்கும். முடிவு முன்பே தெரிந்ததுதான். கரையிலிருந்து இலவசமாகப் பார்க்கலாம். அருகில் போய் நனைய ஆசைப்பட்டால் படகில் இடம் வாங்க வேண்டும்.

டூவல் தெருவில் கட்டில் ஓட்டப் பந்தயம் உண்டு. கட்டிலுக்குச் சக்கரம் பூட்டி, ஒருவரை அதில் உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு ஓடுவார்கள். பெண் வேடமிட்ட கலைஞர்கள் உயரக் குதிகால் செருப்போடு ஓடும் பந்தயமும் இருக்கும். பின்னதற்குக் கூட்டம் நெரியும்.

காங்க் பாஸ்போர்ட் வாங்கலாமா? பயணத்துக்குச் செல்லுமா?

வாங்கலாம், செல்லாது. அது நினைவுப் பொருள். எந்த எல்லையிலும் அதை நீட்டாதீர்கள், விளையாட்டுக்குக்கூட. குடியேற்ற அதிகாரிகள் சிரிப்பதற்காகச் சம்பளம் வாங்குவதில்லை.

இன்னொரு எச்சரிக்கை. இப்படிப்பட்ட இடங்களில் கொடுக்கும் அலங்கார முத்திரையை உங்கள் நிஜ பாஸ்போர்ட்டில் குத்திக்கொள்ள வேண்டாம். அதிகாரபூர்வமல்லாத முத்திரை விழுந்த பாஸ்போர்ட்டைச் சேதமானது என்று சொல்லி நிராகரிக்க வாய்ப்பிருக்கிறது. தனியாக ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள்.

தனி வீசா, தனிப் பணம் தேவையா?

தேவையில்லை. அமெரிக்க வீசா, அமெரிக்க டாலர்.

எல்லாம் சரி, இதில் குறையே இல்லையா?

இருக்கிறது. இந்தக் குடியரசு சுற்றுலாவுக்காகப் பிறந்தது. சுற்றுலாவே பிரச்சினையாகும்போது அதனிடம் சரக்கு இல்லை.

பயணக் கப்பல்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஆயிரக்கணக்கானவர்களை ஒரே காலையில் இறக்கிவிட்டு மாலையில் அள்ளிக்கொண்டு போகும் பெரிய கப்பல்கள் வேண்டாம் என்று ஊரில் பலர் நினைத்தார்கள். கடலடிச் சேற்றைக் கிளறிவிடுகின்றன, பவளப்பாறைக்குக் கெடுதல், நெரிசல் என்று காரணங்கள். 2020 நவம்பரில் நடந்த வாக்கெடுப்பில், ஒரு நாளைக்கு 1,500 பயணிகளுக்கு மேல் இறங்கக் கூடாது, 1,300 பேருக்கு மேல் கொள்ளும் கப்பல்கள் வரக் கூடாது என்ற கட்டுப்பாடுகளுக்கு வாக்காளர்கள் ஒப்புதல் கொடுத்தார்கள். 2021இல் மாநில அரசு ஒரு சட்டம் இயற்றி அந்த முடிவைச் செல்லாததாக்கியது.

1982இல் கூட்டரசோடு மோதி ஜெயித்த ஊர், முறையாக வாக்களித்து எடுத்த முடிவை மாநில அரசிடம் பறிகொடுத்தது. சாவடிக்கு எதிராக ஊரே ஒரு பக்கம் நின்றது. கப்பல் விஷயத்தில் ஊருக்குள்ளேயே கப்பலை நம்பிப் பிழைக்கிற கடைகளும் இருக்கின்றன. ரொட்டியை யார் தலையில் உடைப்பது?

வாடகையும் அப்படித்தான். விடுதிகளில் வேலை செய்கிறவர்கள் அதே தீவில் வீடு எடுத்துத் தங்க முடியாமல் தொலைவிலிருந்து வந்து போகிறார்கள். பிரகடனங்களில் இது இடம் பிடித்ததில்லை.

இதுபோல வேறு குட்டி நாடுகள் உண்டா?

நிறைய. நியூசிலாந்தின் ஃவாங்கமோமோனா என்ற சிற்றூர், 1989இல் நிர்வாக எல்லையை மாற்றி டாரனாகியிலிருந்து வேறு வட்டாரத்தில் சேர்த்த கோபத்தில் குடியரசானது. ஓர் ஆடும் ஒரு பூடில் நாயும் அங்கே அதிபராக இருந்திருக்கின்றன. குடியரசு நாளன்று அந்தத் தொலைதூரச் சாலைக்குக் கூட்டம் திரள்கிறது. லித்துவேனியத் தலைநகர் வில்னியஸில் ஊஜூபிஸ் என்ற கலைஞர்களின் பேட்டை ஏப்ரல் 1ஐச் சுதந்திர நாளாகக் கொண்டாடுகிறது. அதன் அரசியல் சாசனம் நாய்க்கு நாயாக இருக்கும் உரிமையைக் கொடுத்திருக்கிறது. தெருச்சுவரில் பல மொழிகளில் அதைப் பதித்திருக்கிறார்கள்.

விளையாட்டு வினையானதற்கு ஆஸ்திரேலியாவின் ஹட் ரிவர் சிற்றரசு உதாரணம். கோதுமை ஒதுக்கீட்டுத் தகராறில் லெனார்ட் கேஸ்லி என்ற விவசாயி 1970இல் தன் பண்ணையைத் தனி நாடாக அறிவித்தார். பயணிகள் வந்தார்கள், முத்திரை வாங்கினார்கள். ஆனால் அவர் வரி கட்ட மறுத்தார். பல பத்து லட்சம் டாலர் வரிப் பாக்கி ஏறி, 2020இல் அந்த நாடு கலைக்கப்பட்டது. கீ வெஸ்ட் ஒரு நிமிடத்தில் சரணடைந்தது எவ்வளவு கெட்டிக்காரத்தனம் என்பது இதோடு ஒப்பிட்டால் புரியும்.

காங்க் சாப்பிடக் கிடைக்குமா? சங்கை வீட்டுக்கு எடுத்து வரலாமா?

காங்க் போண்டா என்று சொல்லத்தக்க வறுவல் எல்லா உணவகங்களிலும் கிடைக்கும். ஆனால் அந்தச் சங்கு அந்தக் கடலில் பிடித்ததல்ல. ராணிச் சங்கின் எண்ணிக்கை சரிந்ததால் 1980களின் நடுவிலிருந்து ஃபுளோரிடாவில் அதைப் பிடிக்கவே தடை. தட்டில் வருவது பஹாமாஸ் போன்ற இடங்களிலிருந்து இறக்குமதி. 2024இல் அமெரிக்கா அதை அச்சுறுத்தலுக்கு உள்ளான உயிரினங்களின் பட்டியலில் சேர்த்தது. குடியரசின் கொடியில் இருக்கும் உயிரினத்தை அந்தக் குடியரசின் கடலில் தொடக் கூடாது.

சங்கு ஓடுகளை எடுத்து வருவதற்கு, அருகிவரும் உயிரினங்களுக்கான சர்வதேச வணிக ஒப்பந்தத்தில் ஆளுக்கு மூன்று வரை சலுகை உண்டு. இருந்தாலும் நீங்கள் போய் இறங்கும் நாட்டின் சுங்க விதி வேறாக இருக்கலாம், விசாரித்துக்கொள்ளுங்கள்.

எப்படிப் போவது?

மயாமியிலிருந்து காரில் சுமார் 160 மைல். நிற்காமல் போனால் மூன்றரை, நான்கு மணி நேரம். ஏழு மைல் பாலத்தில் நிதானமாகப் போங்கள். பக்கத்திலேயே தெரிகிற பழைய பாலம் ஹென்றி ஃபிளாக்லரின் ரயில் பாதைக்காகக் கட்டியது. 1912இல் கீ வெஸ்ட்டை எட்டிய அந்தப் பாதையை 1935இன் புயல் சிதைத்தது. அதன் மீதே பிறகு சாலை போட்டார்கள்.

ஜூன் முதல் நவம்பர் வரை புயல் பருவம். விழாவுக்காகப் போவதென்றால் ஏப்ரல் அறைகளைச் சில மாதங்களுக்கு முன்பே பிடித்துவிடுங்கள். ஜெஃபர்சன் கோட்டைக்குப் படகில் இரண்டேகால் மணி நேரம் ஆகும். அந்தப் படகிலும் இடங்கள் சீக்கிரம் தீர்ந்துபோகும். சோதனைச் சாவடி ஏதும் இப்போது இல்லை.